லிங்கம் இன்னும் குகைக்குள் இருக்கிறான்

1

செல்வம் பெட்டி கட்டியதற்கு நான் சொன்ன கதைதான் காரணம். ஒரு சீனாக்காரன் குகைக்குள் அடைபட்டுக் கிடக்கும் கதை. அதைக் கேட்டு, அரியலூர் பக்கத்துச் சாரம் கட்டும் தொழிலாளி ஒருவன் அட்டைப் பெட்டிக்கு மூன்று சுற்று டேப் ஒட்டி, பெயரையும் ஊரையும் மார்க்கரால் எழுதி வைப்பான் என்று எழுதினவர் நினைத்திருக்க மாட்டார். சொன்ன நானும் நினைக்கவில்லை.

இந்த மாதத்தோடு நான் வளைகுடாவுக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிகிறது. வருடா வருடம் நான் வந்த நாளில் என் மனைவி வசந்தா கேசரி கிண்டுவாள். "இன்னும் ஒரே வருஷம், ஊருக்குப் போயிடலாம்" என்று நான் சொல்வேன். அவள் சிரிக்காமல் கரண்டியைக் கழுவுவாள். இந்த வருடம் கேசரி இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாருங்கள், இங்கேயும் ஒரு கொக்கி மாட்டிவிட்டேன். இந்தப் பழக்கத்தால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

வீடு அஜ்மானில். வேலை துபாயின் மறுகோடியில், ஒரு கட்டுமானக் கம்பெனியின் யார்டில். எங்கள் ஆட்கள் தங்கும் கேம்ப் என் வீட்டுக்கு அருகில்தான். அதனால் விடியும் முன் கேம்பிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸிலேயே நானும் ஏறிக்கொள்வேன். போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நெடுஞ்சாலையில் எங்காவது ஒரு லாரி குறுக்கே நின்றால் மூன்று. ஜன்னல் திறக்காது. பாதி நாள் ஏசியும் வேலை செய்யாது.

என் வேலையை ஊரில் 'ஆபீஸ் உத்தியோகம்' என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் நான் ஒரு கம்பிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். லீவு கேட்கும் தாள்கள், விசா புதுப்பிப்பு, ஊருக்குப் போகும் தாள்கள் எல்லாம் என் வழியாகத்தான் மேனேஜருக்குப் போகும். ஆட்களின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். பாதுகாப்புக்காக அவர்களே கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் கம்பெனி வழக்கம். அந்த அலமாரி என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. சாவி என் பையில்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டார். "மனா மத் கரோ. ருக்னே கோ போலோ." இல்லை என்று சொல்லாதே, பொறுக்கச் சொல். இல்லை என்று தெரிந்த ஆள் மறுநாள் கேம்பிலேயே படுத்துக்கொள்வான். பொறுக்கச் சொன்ன ஆள் வேலைக்கு வருவான். அன்றிலிருந்து "புராசஸ்ல இருக்கு, அடுத்த வாரம் பாப்போம்" என்பதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

3

சீனக் கதைக்கு என்னை இழுத்துவிட்டது என் மகள் இலக்கியா. பன்னிரண்டாம் வகுப்பு. பெயரைத் தவிர அவளிடம் தமிழ் குறைவு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் இரண்டு வார்த்தை. சாப்பிடும்போதும் போனில் எதையோ படித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் கோபத்தில் பிடுங்கிப் பார்த்தேன். சீன இணைய நாவல், ஆங்கில மொழிபெயர்ப்பில். அத்தியாயம் எண்ணூற்றுச் சொச்சம். இந்தப் பெண் பாடப்புத்தகத்தில் எட்டுப் பக்கம் தொடர்ந்து படித்து நான் பார்த்ததில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பஸ்ஸில் படிக்க ஆரம்பித்தேன். மகளோடு பேச ஏதாவது கிடைக்கும் என்ற நப்பாசையும் இருந்தது.

கதை சின்னதுதான். மலைமேல் ஒரு குருகுலம். அங்கே லின் என்று ஒரு வேலைக்காரன். செய்யாத திருட்டுக்குத் தண்டனையாக அவனைப் பின்மலைக் குகைக்குள் அடைத்து வாசலில் பாறையை உருட்டிவிடுகிறார்கள். மேலிருந்து உத்தரவு வந்தால்தான் பாறை நகரும். அவன் உள்ளே தவம் செய்து படிப்படியாகப் பலம் பெறுகிறான். மலையடிவாரத்தில் அவன் தங்கை கஞ்சிக் கடை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இவ்வளவுதான். இதை வைத்து அந்த எழுத்தாளர் என்னைப் பல வாரம் மூச்சுவிடாமல் உட்கார்த்தி வைத்தார்.

எப்படிச் செய்கிறார் என்று பார்த்தேன். ஒரு அத்தியாயம் "அப்போது பாறை அசைந்தது" என்று முடியும். பதறி அடுத்ததைத் திறந்தால் அங்கே பாறையும் இல்லை, குகையும் இல்லை. தங்கை கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பாள். விறகு ஈரம், உப்பு குறைவு என்று மூன்று அத்தியாயம் போகும். மற்ற நேரமாக இருந்தால் கொட்டாவி வந்திருக்கும். பாறை அசைந்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதனால் அவள் உப்பு போடுவதைக்கூட நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறோம்.

இதை இலக்கியாவிடம் சொன்னபோது முதல் முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். சீன வாசகர்கள் இதற்குக் குழி தோண்டுவது என்று சொல்வார்களாம். பதில் சொன்னால் குழியை மூடியதாக அர்த்தம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வருவதால் சிலர் பாலில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கதையை நீட்டுவார்களாம். அதைக்கூட வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குழி தோண்டிவிட்டுப் பாதியில் ஓடிப்போகிறவர்களை மட்டும் விடமாட்டார்கள். அவர்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை அவள் சொன்னாள். நான் இங்கே எழுதுவதாக இல்லை.

4

பஸ்ஸில் கதை சொல்ல ஆரம்பித்தது தற்செயல். ஒருநாள் விபத்து ஒன்றினால் சாலை அடைத்துக்கொண்டது. பின் சீட்டிலிருந்து செல்வம் எட்டிப் பார்த்து, "என்னண்ணே அப்படி மொறச்சு மொறச்சுப் படிக்கிறீங்க?" என்றான். சொன்னேன். பக்கத்துச் சீட்டுக்காரன் காதைக் கொடுத்தான். வண்டி நகர்ந்தபோது பாதி பஸ் முன்னால் சாய்ந்திருந்தது.

மறுநாள் ஏறியதுமே, "அப்புறம்?" என்றார்கள்.

லின் என்ற பெயர் இரண்டே நாளில் லிங்கம் ஆகிவிட்டது. குருகுலத்தின் படிநிலைகளைப் புரியவைக்க நான் சிரமப்படவே இல்லை. ஹெல்பர், மேசன், ஃபோர்மேன் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். குகைக்குப் போகும் முன்பு பணக்காரச் சீடன் ஒருவன் லிங்கத்தை எல்லார் முன்பும் அவமானப்படுத்தும் இடத்தில், "இவன் நம்ம சைட்டு ஆளுதான்யா" என்று ஒருவன் கத்தினான். அந்த அவமானத்துக்குப் பதிலடி கிடைக்க இருபது அத்தியாயம் ஆகும். அதுவரை அடியை மட்டும் சேர்த்துக்கொண்டே போவார் எழுத்தாளர். பதிலடி விழுந்த அன்று பஸ்ஸில் கைதட்டல். டிரைவர் கான் பாய் பெஷாவர்க்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது. யாராவது இந்தியில் சொல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தட்டி, "ஆகே க்யா ஹுவா?" என்று அடுத்து நடந்ததைக் கேட்பார்.

ஸ்டோரில் வேலை செய்யும் ரவியண்ணன் மட்டும் அசையவில்லை. வவுனியாக்காரர். "உந்தக் குகைக்குள்ள இவ்வளவு காலம் கிடக்கிறானே, ஆளுக்குச் சாப்பாடு வேண்டாமே?" என்று கேட்டார். தவம் செய்பவனுக்குப் பசிக்காது என்றேன். "நல்ல கம்பெனி" என்றார்.

அந்த நாவலில் எனக்குத் தாங்க முடியாத இடம் ஒன்று உண்டு. "மூன்று வருடங்கள் கடந்தன" என்று ஒரே வரி. அடுத்த வரியில் லிங்கம் கண்ணைத் திறக்கிறான். அதே மூன்று வருடத்தில் கீழே தங்கைக்கு என்னென்னவோ நடந்துவிடுகிறது. அதற்கு இருபது அத்தியாயம். உள்ளே இருப்பவனுக்கு ஒரு வரி, வெளியே இருப்பவர்களுக்கு வாழ்க்கை. அன்று நான் கதை சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்று பொய் சொன்னேன். என் அப்பா போனது, என் தம்பி வீடு கட்டியது, அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது எல்லாம் எனக்கும் போனில் வந்த ஒற்றை வரிகள்தான்.

5

செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு ஒரே தங்கை, கவிதா. அவள் மகள் தியா. குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் பக்கம் வயது ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதிலும் கண்டிப்பு. ஒரு வயதில் இவனுக்கு விசா வந்த நேரம், முடியவில்லை. மூன்று வயதில் லீவு தள்ளிப்போனது. இப்போது ஐந்து நடக்கிறது. புரட்டாசி பிறந்தால் ஆறு. அதற்குள் போகாவிட்டால் கவிதாவின் வீட்டுக்காரருடைய உறவில் யாரோ ஒருவரைத் தாய்மாமன் முறைக்கு உட்காரவைத்து, ஆவணியிலேயே குத்திவிடுவதாக அந்த வீட்டில் முடிவு.

"ஒரு தாய்மாமன் இருந்தும் இன்னொருத்தன் மடியில ஒக்கார வச்சா, அப்புறம் அந்த வீட்டுப் படியேற எனக்கென்னண்ணே மொகம் இருக்கு?" என்று கவுண்டரில் நின்று கேட்டான். லீவு அவனுக்கு வரவேண்டியது. சலுகை இல்லை. தாளை வாங்கி உள்ளே அனுப்பினேன்.

பத்து நாளில் திரும்பி வந்தது. 'மாற்று ஆள் வந்த பிறகு' என்று மேனேஜர் எழுதியிருந்தார். மாற்று ஆள் யாரும் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். தாளை இடது பக்கத் தட்டில் வைத்தேன். அது முடிந்துபோன, ஆனால் ஆளிடம் சொல்லாத தாள்களுக்கான தட்டு. அந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான்.

செல்வம் கேட்டபோது, "புராசஸ்ல இருக்கு" என்றேன்.

இதற்கிடையில் பஸ்ஸில் ஒரு விஷயம் நடந்தது. கதையில் குருகுலத்தின் சமையல் தலைவனைத் துரத்திவிடுகிறார்கள். அதை நான் சொன்ன அதே வாரம், கேம்ப் மெஸ்ஸை நடத்தியவரைக் கம்பெனி மாற்றியது. எனக்கு அது முன்னாலேயே தெரியாது. ஆனால் "ஆபீஸ்காரரு வெளிப்படையாச் சொல்ல முடியாது, கதையில கோடு காட்டுறாரு" என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஆபீஸ் வாயைத் திறக்காத இடத்தில் ஆட்கள் மேனேஜரின் முகம், வாட்ச்மேனின் இருமல் எல்லாவற்றிலும் சேதி தேடுவார்கள். அதிலிருந்து என் கதையைக் குறிப்பெடுப்பதுபோல் கேட்டார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, கேம்ப் வாசல் தெரியும் நேரத்தில் கொக்கி மாட்டினேன். "பாறை முழுசா நகர்ந்துச்சு. வெளிச்சம் உள்ள வந்துச்சு. வாசல்ல நிக்கிறவன் கையில ஒரு ஓலை. அதுல லிங்கத்தோட பேரு."

நாவலில் ஓலை கிடையாது. அது நானாகச் சேர்த்தது.

6

ஞாயிறு லீவு. திங்கள் காலை செல்வம் பஸ்ஸில் ஏறி எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான். எனக்கு இரண்டு. கான் பாய் "முபாரக்" என்று வாழ்த்தினார். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். காதணி விழா அழைப்பிதழ். மயில் படம், குலதெய்வம் அய்யனார் துணை, ஆவணி முகூர்த்தம். கீழே தடித்த எழுத்தில்: 'தாய்மாமன் செல்வம் (துபாய்) அவர்கள் மடியில்.'

"என்னடா இது?"

"நேத்தே தங்கச்சிக்குச் சொல்லிட்டேண்ணே. ராவோட ராவா அடிச்சு அனுப்பிடுச்சு. பொட்டி கட்டிட்டேன். வெள்ளிக்கெழம ஃபிளைட்டுப் பாக்கச் சொல்லிருக்கேன்."

"யாரு உனக்கு லீவு கெடச்சுதுன்னு சொன்னா?"

அவன் குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சிமிட்டினான். "நீங்கதாண்ணே. சனிக்கெழம. ஓலையில பேரு இருக்குன்னு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டது ஞாபகத்தில் இல்லை.

அன்று முழுக்க இடது தட்டைப் பார்த்தபடி இருந்தேன். மாலை பஸ்ஸில் எல்லாரும் ஏறியதும் வழக்கம்போல, "அப்புறம்?" என்றார்கள். நான் எழுந்து, பின்பக்கம் திரும்பி நின்றேன்.

"செல்வம், கதைல வந்த ஓலை சும்மா நான் கட்டிவிட்டது. உன் லீவ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

முன்னால் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எப்பண்ணே?"

"ஆறு வாரம் ஆச்சு."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். சட்டையைப் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் யோசித்து யோசித்துப் பேசினான். "ஆறு வாரமா ஒங்க பின்னாடி சீட்டுலதாண்ணே ஒக்காந்து வந்தேன்."

அஜ்மானில் இறங்கும்போது ரவியண்ணன், "இதை முதலே சொல்லியிருந்தா பெடியன் வேற வழி பார்த்திருப்பானே" என்றார்.

7

வீட்டில் இலக்கியா கேட்டாள். பஸ் கதையெல்லாம் அவளுக்கு நான் சொல்லி வந்தேன், அவ்வளவு தூரம் நெருங்கியிருந்தோம். "ஸோ வாட் ஹாப்பன்ஸ் டு செல்வம் அங்கிள்?"

"இது நாவல் இல்லம்மா."

"பட் யூ டக் த பிட், அப்பா." குழி தோண்டியது நீ என்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் தட்டிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். ஆளுக்கு லீவு வரவேண்டியது, குடும்பச் சடங்கு, மூன்றாவது முறையாகத் தள்ளிப்போகிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். அந்தக் குரல் எனக்குப் பழகின குரல். நான் கவுண்டரில் பேசும் அதே குரல்.

என் நாற்காலிக்கு வந்தேன். பயமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. என் வேலை போனால் மூன்று பேர் விசாவும் போகும். மகளுக்கு இன்னும் ஐந்து மாதத்தில் பொதுத்தேர்வு. ஊரில் எனக்கென்று ஒரு தொழிலும் இல்லை. அலமாரியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். செல்வத்தின் பாஸ்போர்ட்டை எடுத்து வெளியே வைத்தேன்.

மதியம் வெயிலுக்காக வேலை நிறுத்தும் நேரத்தில் அவனைக் கூப்பிட்டேன். ரெஜிஸ்டரில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். 'கொடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன்.

"இது உன்னோடது. லீவு குடுக்கல. நீ போனா, திரும்பி வர்றப்ப வேலை இருக்குமான்னு தெரியாது. ஓடிட்டான்னு எழுதினாலும் எழுதுவாங்க. நல்லா யோசி."

அட்டையைப் புரட்டி உள்ளே இருந்த தன் பழைய போட்டோவைப் பார்த்தான். "இப்பத் தெரிஞ்சு போறேண்ணே. அது போதும்" என்றான். என்னை மன்னித்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போய்விட்டான்.

8

திங்கள் மாலை பஸ்ஸில் வீடியோ வந்தது. ரவியண்ணன் போனில், எல்லாரும் எட்டிப் பார்த்தோம். மொட்டைத் தலை, சந்தனம், செல்வத்தின் மடியில் தியா. ஊசி பட்டதும் குழந்தை வீரிட்டது. அவன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தானும் அழுதுகொண்டிருந்தான். கான் பாய் சிக்னலில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, "பச்சீ டீக் ஹை?" என்று கேட்டார். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றோம்.

பிறகு ஒருவன் தயங்கித் தயங்கி, "லிங்கம் என்னண்ணே ஆனான்?" என்றான்.

இதையும் நான் மறைத்து வைத்திருந்தேன். அந்த நாவலின் எழுத்தாளர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கடைசி அத்தியாயத்தில் பாறை நகர்கிறது, வாசலில் ஒரு காவலாள் நிற்கிறான். அதோடு சரி. கீழே வாசகர்கள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதைச் சொன்னேன்.

"அப்ப இன்னும் உள்ளதான் கெடக்கானா?"

"உள்ளதான்."

அன்று காலையே மேனேஜர் என்னை அழைத்து விளக்கக் கடிதம் கேட்டிருந்தார். உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். செய்ததைச் செய்தேன் என்றே எழுதினேன். அவர் படித்து முடித்து, மடித்து, "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றார். மிக மரியாதையாகவே சொன்னார். எனக்கு இனி விளக்கம் எதுவும் தேவையில்லை. என் தாள் ஏதோ ஒரு இடது பக்கத் தட்டில் ஏற்கெனவே படுத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். பத்தொன்பது வருடம் முடிந்த நாள் அது. விளக்கக் கடிதம் கேட்டதை மதியமே போனில் வசந்தாவிடம் சொல்லியிருந்தேன். அவள் ரவையை வறுத்து வைத்துவிட்டு, முந்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

பாத்துட்டு இருக்காங்க, புராசஸ்ல இருக்கு என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"வேலை போயிடும் வசந்தா. என்னைக்குன்னுதான் தெரியல."

அவள் அடுப்பை அணைத்தாள். முந்திரியை டப்பாவில் திரும்பப் போட்டு மூடினாள். நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிரே இலக்கியா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள். தமிழில்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஏதாவது ஒரு பதில் இருக்கும்.

"தெரியலம்மா" என்றேன்.